ஏற்காட்டுத் திருப்புளிக்காரர்

ஏற்காட்டுத் திருப்புளிக்காரர் என்பவர் எதையும் பழுதுபார்க்கக் கடைக்குக் கொடுக்காதவர். கஞ்சத்தனம் அல்ல காரணம். பறித்த காபிப் பழத்தை அன்றே தோல் நீக்கியாக வேண்டும். தோல் நீக்கும் பல்ப்பர் நின்றுபோனால், மெக்கானிக் கீழேயிருந்து ஏறி வரும்வரை பழம் காத்திருக்காது. பம்புசெட், ஜீப், கிரைண்டர் என்று கை வைத்ததெல்லாம் ஓடியிருக்கிறது. ஆகவே செல்போனும் ஓடும்.

மதியத்துக்கு மேல் சார்ஜ் நிற்பதில்லை என்பதில் தொடங்கும் கதை. சேர்வராயன் மலையின் பள்ளங்களில் சிக்னல் ஒரு கோடு தெரிந்தாலே அதிகம். எட்டாத டவரை எட்டிப் பிடிக்க போன் கூடுதல் மின்சாரம் செலவழிக்கும். மார்கழிக் குளிரில் பழைய பேட்டரி இன்னும் சோர்ந்துபோகும். திருப்புளிக்காரரின் தீர்ப்போ இரண்டே சொல்: "பேட்டரி போச்சு." சேலம் இறங்க 20 கொண்டை ஊசி வளைவு; போய்வர அரை நாள் ஆகும். எனவே ஆன்லைனில் ஒன்று வரும். பழையதன் அதே அளவு, அதே எடை. லேபிளில் மட்டும் ஒன்றரை மடங்கு கொள்ளளவு. அதில் ஐஎஸ் 16046 தர முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது இந்த இனத்தின் வழக்கமல்ல.

அறுவை சிகிச்சை சாப்பாட்டு மேசையில் நடக்கும். போனைத் திறக்குமுன் சார்ஜைக் கால் பங்குக்குக் கீழே இறக்கிவிடுவது முறை. நிறைந்த பேட்டரி பற்றினால் மூர்க்கமாகப் பற்றும். இவர் "டெஸ்ட் பண்ணணுமே" என்று நூறு சதவீதம் ஏற்றியிருப்பார். பின்மூடியின் பசை இளக இஸ்திரிப் பெட்டி. அடுக்களையிலிருந்து குரல் வரும்.

"ஏங்க, வெங்காயம் நறுக்கற கத்தி எங்க?"

"இரு, முக்கியமான இடத்துல இருக்கு."

கத்தி அப்போது பேட்டரிக்கு அடியில் இருக்கும். முக்கியமான இடம்தான். லித்தியம் பேட்டரிக்குள் இரண்டு மின்முனைத் தகடுகளையும் ஒட்டவிடாமல் காப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். கத்தி முனை அதைக் கிழித்தாலும், நெம்பும்போது பேட்டரி மடங்கினாலும், தகடுகள் தொட்டுக்கொள்ளும். சூடு சூட்டை வளர்க்கும். நொடிகளில் நச்சுப்புகை, பிறகு தீ. பசையில் நாலு சொட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டுப் பொறுத்திருந்தால், பிளாஸ்டிக் தகட்டாலேயே பேட்டரி கிளம்பிவிடும். பொறுத்திருப்பது இவர் ஜாதகத்தில் இல்லை. அப்பளம்போல் உப்பிய பேட்டரியைக் கண்டால் கட்டைவிரலால் அழுத்தியும் பார்ப்பார். உள்ளே இருப்பது வாயு. அதை அழுத்தவும் கூடாது, குத்தவும் கூடாது.

ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே டம்ளர் மூடியில் கிடக்கும். அவற்றின் நீளம் வேறு வேறு. நீளமானதைக் குட்டையின் இடத்தில் முறுக்கினால் போர்டு துளைபடும். கடைசியில் ஒரு ஸ்க்ரூ மிஞ்சும். அது கம்பெனிக்காரன் அனாவசியமாகப் போட்டது என்று முடிவாகும்.

பெரும்பாலும் போன் உயிர் பிழைக்கிறது, அதுதான் வினை. அடுத்த வாரம் மைத்துனர் தம் போனை நீட்டுவார். ஆனால் நீர் புகாமல் காத்த பசை போனது போனதுதான். ஏரிக்கரையில் பனி விலகி வெயில் அடித்த பிறகும், திருப்புளிக்காரர் எடுக்கும் படத்தில் மட்டும் பனி இருக்கும். அது லென்சுக்கு உள்ளே இறங்கிய பனி.

புதுப் பேட்டரியும் மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. டவர் பழைய இடத்திலேயேதான் நிற்கிறது.