அசட்டீக் தீவின் கூடாரவாசி

வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையையொட்டி, மேரிலாந்து, வர்ஜீனியா என்னும் இரு மாநிலங்களிலுமாக ஏறத்தாழ 37 மைல் நீளத்துக்குக் கிடக்கும் அசட்டீக் என்னும் மணல் தீவில் கோடைதோறும் தென்படும் உயிரினங்களுள், அறிஞர்களின் கவனத்தை உரிய அளவில் பெறாதவர் கூடாரவாசி ஆவார். அத்தீவின் குதிரைகளைப் பற்றி நூல்கள் உண்டு; மணலில் முட்டையிடும் சிறு உப்புக்கொத்திப் பறவைக்காகக் கடற்கரையின் பகுதிகளையே அடைத்துவைக்கிறார்கள். ஆயினும், குளிர்சாதனமும் வெந்நீர்க் குழாயும் உள்ள வீட்டைப் பூட்டிவிட்டு, அவ்வீட்டின் பெரும்பகுதியை வண்டியில் ஏற்றிக்கொண்டு, இயற்கையோடு ஒன்றப் போவதாக அண்டை வீட்டாரிடம் அறிவித்துப் புறப்படும் இந்த மனிதர் மட்டும் முறையான விவரிப்புக்கு உள்ளாகாமல் விடப்பட்டிருக்கிறார்.

அவர் குடியேறும் நிலத்தின் இயல்பை முதலில் அறியவேண்டும். அசட்டீக் ஓர் அரண் தீவு. அதாவது, அலையும் நீரோட்டமும் பெருநிலத்துக்கு இணையாகக் குவித்த மணலால் ஆகி, கடலின் சீற்றத்தைத் தான் ஏற்றுக்கொண்டு, பின்னாலுள்ள உப்பங்கழியையும் கரையையும் காக்கும் மெல்லிய நிலத்துண்டு. இத்தகைய தீவு ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை. புயலின்போது அலைகள் மணல்மேட்டைத் தாண்டி மணலை மேற்குப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டுவதால், தீவு முழுவதுமே சிறிது சிறிதாகப் பெருநிலத்தை நோக்கி நகர்கிறது. இதை அறியாத, அல்லது அறிந்தும் சொல்லாத, மனை வணிகர்கள் 1950களில் இங்கே ஒரு கடற்கரை நகரத்தைத் திட்டமிட்டு, ஆயிரக்கணக்கான மனைகளை விற்று, பால்டிமோர் பெருவீதி என்ற பெயரில் தார்ச்சாலையும் போட்டார்கள். 1962 மார்ச்சில் வந்த பெரும்புயல் அந்தச் சாலையையும், எழும்பியிருந்த வீடுகளில் பெரும்பாலானவற்றையும் அழித்துவிட்டது. 1965இல் தீவு தேசியக் கடற்கரையாக, அதாவது நடுவண் அரசின் பூங்காத் துறை காக்கும் பொதுநிலமாக, ஆக்கப்பட்டது. கட்டிய வீடே நிற்காத அந்த இடத்தில்தான் கூடாரவாசி நைலான் துணியோடு வந்து இறங்குகிறார். பெயர்ந்து கிடக்கும் தார்ச்சாலைத் துண்டுகளைத் தம் பிள்ளைகளுக்குக் காட்டி, இயற்கையை எதிர்த்து மனிதன் வெல்ல முடியாது என்று அவர் விரிவுரை ஆற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில், அங்கே முகாமில் அவருடைய கூடாரம் தரையை விட்டுக் கிளம்பியிருப்பதும் உண்டு.

கூடாரத்தோடு சேர்த்துக் கடையில் தரப்படும் முளைகள் சாண் நீளமே உள்ளவை. புல்தரையில் அவை நிற்கும், உலர்ந்த கடல்மணலில் ஊன்றினால் கையை எடுப்பதற்கு முன்பே சாய்ந்துவிடும். முழ நீள மணல் முளைகளைக் கொண்டுவரவேண்டும், அல்லது மணல் நிரப்பிய பைகளைக் குழிதோண்டிப் புதைத்து அவற்றில் கயிற்றைக் கட்டவேண்டும் என்பது தீவின் பாலபாடம். வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்று சொல்லிவைத்த முன்னோர், கடற்காற்றில் கூடாரத்தை அடித்துப்பார் என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்காததற்கு, அவர்கள் யாரும் விடுமுறையில் கஷ்டப்பட விரும்பாததே காரணமாகலாம். பலமுறை வந்து பழுத்த கூடாரவாசி, தமது கூடாரத்தை அரைமணியில் நிறுத்திவிட்டு மடக்கு நாற்காலியில் அமர்ந்து, புதிதாக வந்தவர் படும் பாட்டை வாய் திறவாமல் கவனிக்கிறார். உடனே உதவப் போவது முறையன்று. துணி இரண்டு முறையாவது பறந்து, கணவன் மனைவிக்கிடையே பேச்சு நின்றுபோன பிறகே அவர் எழுந்து, நான்கு நீண்ட முளைகளைக் கையில் எடுத்துக்கொண்டு, ‘முதல் தடவையா?’ என்று கேட்டவாறு அணுகுகிறார். அந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்காகவே அவர் ஆண்டுதோறும் கூடுதலாக முளைகள் கொண்டுவருகிறார் என்று ஐயுற இடமுண்டு.

கூடாரம் நின்றதும் அதற்குள் வீடு குடிபுகுகிறது. காப்பிக்கொட்டை அரைக்கும் கைப்பொறி, காற்றடைத்த மெத்தை, அந்த மெத்தைக்குக் காற்றடிக்க ஒரு மின்விசைக் குழல், அதற்கு மின்னூட்ட ஒரு சூரியத்தகடு என்று ஒன்றின் குறையைத் தீர்க்க மற்றொன்றாக வந்துசேர்ந்த பொருள்களுக்கு நடுவில், வாசலில் ஒரு மிதியடியும் மூலையில் ஒரு சிறு துடைப்பமும் இருப்பதைக் காணலாம். மணலாலேயே ஆன தீவில், மணல் உள்ளே வந்துவிடக் கூடாது என்று ஒருவர் நாளுக்குப் பலமுறை பெருக்கிக்கொண்டிருக்கும் காட்சி வேறெங்கும் எளிதில் கிடைப்பதன்று.

கூடாரவாசிகள் எல்லோரும் ஒருபடித்தானவர் அல்லர். படும் துன்பத்தின் அளவைக் கொண்டு தம்மைத் தாமே தரம் பிரித்துக்கொண்ட சமூகம் அது. வர்ஜீனியாப் பகுதியில் முகாமிட இடமில்லை என்பதால் அனைவரும் மேரிலாந்துப் பக்கமே தங்குகிறார்கள். அங்கேயும் இரண்டு ஆட்சிகள் உண்டு. மாநில அரசின் பூங்காவில் குளிக்க வெந்நீர் வரும். அடுத்துள்ள தேசியக் கடற்கரை முகாமில் குளிர்ந்த நீர் மட்டுமே, கழிப்பறையும் வேதிக் கழிப்பறை, அதாவது நீர் ஊற்றிக் கழுவாமல் கழிவைத் தொட்டியில் மருந்திட்டு வைத்திருந்து பின்னர் அகற்றும் வகையைச் சேர்ந்தது. குளிர்நீரில் நடுங்கிக் குளித்தவர், அந்தப் பக்கம் வெந்நீரில் குளிப்பவரை ஓட்டலில் தங்குபவராகவே கருதுகிறார். இவ்விருவரையும் ஒருசேர இரக்கத்துடன் நோக்குபவர் முதுகுச்சுமைக்காரர். குழாயே இல்லாத உட்பகுதிக்கு, குடிநீர் முழுவதையும் முதுகில் சுமந்துகொண்டு, அனுமதிச் சீட்டுடன் மணலில் பல மைல் நடந்து செல்பவர். சுமந்துபோகும் நீரில் கணிசமான பகுதி, அதைச் சுமந்ததால் வழிந்த வியர்வைக்கே ஈடாகிவிடுகிறது என்பதை அவர் ஒப்புக்கொள்வதில்லை.

இன்னொரு கிளையினர் வண்டிக்காரர். உரிமச் சீட்டு பெற்றவர்கள் தங்கள் வண்டியைக் கடற்கரை மணலிலேயே ஓட்டிச் செல்லத் தீவில் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் நுழையுமுன் சக்கரங்களின் காற்றைப் பெருமளவு இறக்கிவிட வேண்டும்; காற்றுக் குறைந்த சக்கரம் தட்டையாகி அகன்று மணலில் ஆழ அழுந்தாமல் செல்லும் என்பது இதன் தத்துவம். மண்வெட்டி, ஜாக்கி, அந்த ஜாக்கி புதையாதிருக்க ஒரு பலகை, இழுவைக் கயிறு, காற்றழுத்தமானி ஆகியவை வண்டியில் இருக்கவேண்டும் என்பது விதி. வண்டி புதையும் என்பதை அரசே முன்கூட்டி ஏற்றுக்கொண்டுவிட்ட நிலையில், புதையாமல் திரும்புவது இவ்வகையினருக்கு ஒருவித ஏமாற்றமே; மண்வெட்டிக்கு வேலை வராத விடுமுறையை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

பூச்சிகளைப் பற்றி எழுதினால் கூடாரவாசி வருந்துவார், எனினும் விடமுடியாது. தீவின் மேற்குப் பக்கம் நெடுகிலும் உப்புச் சதுப்பு, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் புல்வெளி, பரந்திருக்கிறது. கொசுவுக்கு அது தாய்வீடு. கடலிலிருந்து காற்று வீசிக்கொண்டிருக்கும்வரை கரையில் தொல்லை குறைவு. காற்று திரும்பி மேற்கிலிருந்து வீசத் தொடங்கினால், கடிக்கும் ஈக்கள் கடற்கரைக்கு வந்து, காலுறைக்கு மேலேயே கணுக்காலைப் பதம்பார்க்கின்றன. ஆகவே, நகரத்தில் பங்குச்சந்தையின் ஏற்ற இறக்கத்தைக் கவனித்த அதே முகத்தோடு கூடாரவாசி இங்கே காற்றின் திசையைக் கவனிக்கிறார். மேற்குக் காற்று உறுதியானதும், இயற்கையோடு ஒன்ற வந்தவர் நான்கு பக்கமும் வலை தைத்த கூடாரத்துக்குள் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வலைக்கண் வழியே இயற்கையைப் பார்வையிடுகிறார். அதே நேரத்தில் குதிரைகள் சதுப்பை விட்டு வெளியேறி, கடலோரக் காற்றிலோ அலைநீரிலோ போய் நின்றுவிடுகின்றன. செலவில்லாத முறை.

இக்குதிரைகளைக் காட்டுக் குதிரைகள் என்று சொல்வது வழக்கமாயினும், விலங்கியலார் கருத்தில் இவை வீட்டிலிருந்து காட்டுக்குத் திரும்பியவை. மனிதன் வளர்த்த குதிரைகளின் வழிவந்து, பல தலைமுறைகளாக மனிதனின்றிப் பிழைக்கக் கற்றுக்கொண்டவை. 17ஆம் நூற்றாண்டில் பெருநிலத்துக் குடியேற்றக்காரர்கள், வேலிச் சட்டத்துக்கும் கால்நடை வரிக்கும் தப்புவதற்காகத் தங்கள் குதிரைகளைத் தீவில் மேயவிட்டார்கள் என்பது பூங்காத் துறையினர் தரும் விளக்கம். கூடாரவாசிக்கு இது பிடிப்பதில்லை; வரி என்ற சொல் விடுமுறையைக் கெடுத்துவிடுகிறது. இரவில் விறகுத் தீயைச் சுற்றி அமர்ந்து அவர் உரைக்கும் வரலாற்றில், புயலில் உடைந்த ஸ்பானியக் கப்பலிலிருந்து குதிரைகள் நீந்திக் கரையேறுகின்றன. ஹெய்ட்டியில் ஒரு பழைய ஸ்பானியக் குடியேற்றத்தில் அகழ்ந்தெடுத்த 16ஆம் நூற்றாண்டுக் குதிரைப் பல்லின் மரபணு, இத்தீவுக் குதிரைகளுடையதற்கு நெருக்கமானது என்ற ஆய்வு 2022இல் வெளிவந்ததிலிருந்து அவர் குரல் இன்னும் உயர்ந்திருக்கிறது. அந்த ஒரு பல்லைக் கொண்டு அவர் பாய்மரத்தோடு முழுக் கப்பலையும் கட்டிவிடுகிறார்.

குதிரைகளின் வயிறு பருத்திருப்பதைக் கண்டு, நன்றாகத் தின்று செழித்திருக்கின்றன என்று அவர் கூறுவதும் பிழையே. உப்புப் புல்லை மேய்ந்து, அதற்கு ஈடாக வீட்டுக் குதிரையைவிட இரு மடங்குக்கு மேல் நீர் குடிப்பதால் வரும் உப்புசம் அது. உருளைக்கிழங்கு வறுவலையும் பீரையும் மூன்று நாள் உட்கொண்ட கூடாரவாசியின் வயிறும் அதே காரணத்தால் அதே வடிவத்தை அடைகிறது.

குதிரையிடமிருந்து 40 அடியாவது தள்ளி நிற்கவேண்டும், தொடக் கூடாது, தீனி போடக் கூடாது, உணவை வண்டிக்குள் பூட்டிவைக்கவேண்டும் என்பவை தீவின் விதிகள். முதல் நாள் மாலையே கூடாரவாசி இவற்றைப் புதியவர்களுக்குப் பொறுப்புடன் விளக்குகிறார். ஆனால் விதியைப் படித்தவர் அவரே தவிரக் குதிரை அன்று. அது நேராக மேசைக்கு வருகிறது. அது முன்னேற முன்னேற, 40 அடியைக் காக்கும் கடமையில் அவர் பின்வாங்கி, அடுப்பு, ரொட்டி, பனிப்பெட்டி என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்துக்கொண்டே அடுத்தவர் கூடாரத்துக்கு அப்பால் போய்ச் சேர்கிறார். பனிப்பெட்டி என்பது உணவு கெடாதிருக்கப் பனிக்கட்டியோடு அடைத்துவைக்கும் மூடியிட்ட பெட்டி. அதன் மூடியை மூக்கால் நெம்பித் திறக்கத் தெரிந்த குதிரைகள் அங்கே உண்டு. ரொட்டியை முடித்தபின் கூடாரக் கயிற்றில் கால் தடுக்கி, கம்பியை வளைத்து, வாசல் மிதியடியின்மேல் சாணமிட்டுவிட்டு அது புறப்படும்போது, குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த பழமொழி முழுமை பெறுகிறது. இதையெல்லாம் அவர் தொலைவில் நின்று படமெடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதையும் சொல்லவேண்டும். பூங்கா அலுவலரிடம் முறையீடாகவும் ஊரில் நண்பர்களிடம் பெருமையாகவும் அவர் சொல்வது ஒரே நிகழ்ச்சியைத்தான்.

பிள்ளைகளோடு வருபவருக்குத் தனிச் சோதனை ஒன்றுண்டு. தீவின் வர்ஜீனியாப் பகுதியிலுள்ள குதிரைகள், சிங்கோட்டீக் ஊரின் தன்னார்வத் தீயணைப்புக் குழுவுக்குச் சொந்தமானவை; 1925 முதல் ஜூலைக் கடைசி வாரத்தில் அவற்றை வாய்க்காலில் நீந்தவிட்டுக் கரைசேர்த்து, குட்டிகளை ஏலம் விட்டு அக்குழு நிதி திரட்டிவருகிறது. மார்கரீட் ஹென்றி 1947இல் எழுதிய குழந்தைகள் நாவலால் இவ்வழக்கத்தின் புகழ் நாடெங்கும் பரவியிருப்பதால், அந்நாவலைப் படித்த குழந்தை அந்த வாரத்தில் எதைக் கேட்கும் என்பதைத் தகப்பனார் அறிவார். மேரிலாந்துக் குதிரைகள் விற்பனைக்கில்லை என்று அவர் நிம்மதியோடு கூறினால், பின் எப்படி அவை பெருகாமல் இருக்கின்றன என்று அடுத்த கேள்வி வருகிறது. 1994 முதல் பல ஆண்டுகள் பெண்குதிரைகளுக்கு ஊசி அம்பால் கருத்தடை மருந்து செலுத்தப்பட்டுவந்தது என்ற விடையைத் தெரிந்துவைத்திருந்தும், அவர் கடலில் டால்பின் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்கிறார்.

இரவில் இடி இடித்தால் கூடாரவாசி ஒலியின்றி எழுந்து வண்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறார். அக்கம்பக்கத்து வண்டிகளின் கண்ணாடிகளிலும் மூச்சுக்காற்றின் ஆவி படிந்திருப்பதை மறுநாள் எல்லோரும் காண்கிறார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

சிப் என்று அழைக்கப்பட்ட, டெலிகேட்ஸ் பிரைட் என்னும் பெயருள்ள ஆண்குதிரை ஒன்று, முகாம்களில் கிடைத்த உணவுக்கே பழகி, குறுக்கே வந்தவர்களிடம் முரட்டுத்தனம் காட்டத் தொடங்கியதால், 2022இல் தீவிலிருந்து அகற்றப்பட்டு டெக்சாஸ் மாநிலத்திலுள்ள விலங்குப் புகலிடம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டது. உணவைத் திறந்துவைத்த கூடாரவாசிகளுள் எவரும் டெக்சாஸுக்கு அனுப்பப்படவில்லை. தேசியக் கடற்கரை முகாமின் கோடைக்கால இடங்களுக்கு ஆறு மாதம் முன்பே பதிவு தொடங்கிவிடுவதால், அவர்கள் ஜனவரிக் குளிரில் கணினியின் முன் அமர்ந்து, கடலுக்கு அருகிலும் கழிப்பறைக்கு மிக அருகில் இல்லாமலும் மிகத் தொலைவில் இல்லாமலும் உள்ள ஓரிடத்தைத் தேடுகிறார்கள். இடம் கிடைத்துப் பணம் செலுத்தியதும், குதிரையால் திறக்கமுடியாத பனிப்பெட்டி ஒன்றைக் கூடாரவாசி தேடத் தொடங்குகிறார். சென்ற கோடையில் குதிரை திறந்த பெட்டியை விற்ற அதே கடையில், அதே உறுதிமொழியுடன், சற்றுக் கூடுதல் விலைக்கு அது கிடைக்கிறது.