மிக்ஸி வாங்க அனுப்பியவர் யார்? இணையத் தரகு குறித்த ஒரு முன்னாய்வு

பாளையங்கோட்டையில் ஒரு அம்மாள் கைபேசியில் மிக்ஸி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய மிக்ஸி புகைந்த அன்றே எதிர்வீட்டு அக்கா, "அதுல ஜார் லீக் ஆகும், நீ இதையே வாங்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். மறுநாள் மகன் கூகுளில் தேடி, 'சிறந்த பத்து மிக்ஸிகள்' என்ற கட்டுரையை வாசித்துக் காட்டினான். மருமகள் யூடியூபில் விமர்சனம் பார்த்தாள். அதில் ஊறவைத்த உளுந்தை நின்று நிதானமாக அரைத்துக் காட்டினார்கள். கடைசியில் ஒரு கூப்பன் தளம், இல்லாத தள்ளுபடி ஒன்றைக் காட்டி அவரைக் கடைப் பக்கத்துக்குள் தள்ளிவிட்டது. மிக்ஸி விற்றது. கமிஷன் யாருக்கு?

இந்த வினா இதுவரை உரிய மரியாதையுடன் ஆராயப்படவில்லை. வீட்டில் இருந்தபடியே மாதம் லட்சம் சம்பாதிக்கும் வழியை வகுப்பெடுத்துச் சொல்வோர் இருக்கிறார்கள்; அவர்கள் படைப்புகள் புனைகதை இலக்கியத்தின்பாற்படும் என்பதால் இங்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை.

முதலில் இலக்கணம். பிறர் பொருளைப் பிறருக்குக் காட்டி, விற்றால் மட்டும் பங்கு பெறுவது அஃபிலியேட் மார்க்கெட்டிங் எனப்படும். மாமல்லபுரத்தில் சுற்றுலா வந்தவரைக் கைவினைக் கடை வாசலில் இறக்கிவிடும் ஆட்டோக்காரர் நெடுங்காலமாகச் செய்துவருவதும் இதுவே. ஆனால் ஆட்டோக்காரர் வாசலிலேயே நிற்பார். கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்துக் காசு கொடுப்பார். இணையத்தில் முகம் கிடையாது. அதற்குப் பதிலாக இருப்பது குக்கீ.

அடுத்து மூல ஆராய்ச்சி. அமெரிக்காவில் வில்லியம் டோபின் என்பவர் 1989-ல் பிராடிஜி என்ற கணினி வலையமைப்பில் பூக்கடை திறந்து, விற்பனையில் பிராடிஜிக்குப் பங்கு கொடுத்தார். 1994-ல் சிடிநவ் என்ற இசைத்தட்டுக் கடை, தன்னிடம் ஆள் அனுப்பும் தளங்களுக்குக் கமிஷன் தரத் தொடங்கியது. 1996 ஜூலையில் அமேசான் புத்தகத்துக்கு அதையே செய்தது. டோபின் அதே 1996-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 2000-ல் அது கையில் வந்தபோது உலகமே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. பூ, பாட்டு, புத்தகம் என்று இவ்வளவு நாகரிகமாகப் பிறந்த துறை இன்று முடி உதிர்வுத் தைலத்தில் வந்து நிற்பது தனி ஆய்வுக்குரியது.

குக்கீ என்பது 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுலி உருவாக்கிய சின்னஞ்சிறு கோப்பு. லிங்க்கைத் தட்டியதும் அது வாங்குபவரின் கருவியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. 'இவரை அனுப்பியது இன்னார்' என்று கடைக்குச் சாட்சி சொல்கிறது. சாட்சியின் ஆயுள் கடைக்குக் கடை மாறும். அமேசானில் 24 மணி நேரம். அதற்குள் பொருளைக் கூடையில் போட்டுவிட்டால் ஏறக்குறைய மூன்று மாதம் வரை நீளும். எதிர்வீட்டு அக்காவின் சொல் இருபது வருடம் மனதில் நின்றாலும் அதற்குக் குக்கீ விழுவதில்லை. இன்னொரு விசித்திரம்: அந்த 24 மணி நேரத்தில் வந்தவர் வேறு பொருளை வாங்கினாலும் பெரும்பாலும் கமிஷன் உண்டு. சங்க இலக்கிய உரைநூல் ஒன்றைப் பரிந்துரைத்தவர், நாய் பிஸ்கட் விற்ற வகையில் நாலு காசு பார்க்கலாம்.

அனுப்பியவர் பலராயின் பங்கு யாருக்கு என்பதில் பள்ளிகள் பல. முதலில் காதில் போட்டவருக்கே முழுதும் என்பது முதற்கிளிக் பள்ளி. எல்லோருக்கும் சமம் என்பது சமபங்குப் பள்ளி. வாங்கும் நேரத்துக்கு நெருங்க நெருங்கப் பங்கு கூடும் என்பது காலத்தேய்வுப் பள்ளி. தலைக்கு 40 சதவீதம், வாலுக்கு 40, நடுவில் நின்றோர் எத்தனை பேரானாலும் மீதி 20 என்று பிரிப்பது இன்னொன்று. கூட்டுக் குடும்பச் சொத்து வழக்கு பார்த்தவர்கள்தான் இதை வகுத்திருக்க வேண்டும். இந்த நான்கையும் 2023-ல் கூகுள் தன் விளம்பரக் கணக்கேட்டிலிருந்து எடுத்துவிட்டது. மிஞ்சியவற்றுள் முக்கியமானவை இரண்டு: கடைசியாகத் தட்டியவருக்கே அனைத்தும் என்னும் கடைக்கிளிக் பள்ளி, எந்திரமே கணித்துச் சொல்லும், கணக்கு மட்டும் கேட்கக் கூடாது என்னும் புதுப் பள்ளி. ஆனால் கமிஷன் பட்டுவாடாவில் இன்றும் பெருவழக்கு கடைக்கிளிக்தான். ஊரெல்லாம் சுற்றிக் காட்டியவர் யாராக இருந்தாலும், கல்லாப்பெட்டி அருகே நின்றவர் கைக்கே காசு.

இந்த நுட்பத்தை ஆய்வாளர்களுக்கு முன்பே புரிந்துகொண்டவர்கள் இருவர். ஷான் ஹோகன், பிரையன் டன்னிங் ஆகிய அமெரிக்கர்கள் ஈபே நிறுவனத்துக்கு அதிக வாடிக்கையாளர்களை 'அனுப்பிய' தரகர்கள். வேறு தளங்களில் இலவசமாக ஒட்டிக்கொள்ளத் தக்க சிறு கருவிகளை இவர்கள் பரப்பினார்கள். கருவி ஒட்டிய பக்கத்தைத் திறந்தவர் எதையும் தட்டாமலேயே அவர் கணினியில் ஈபே குக்கீ விழுந்துவிடும். பின்னொரு நாள் அவர் தன்பாட்டுக்கு ஈபேயில் ஏதாவது வாங்கினால், அனுப்பிவைத்த புண்ணியவான் ஹோகன் என்று கணக்கில் ஏறும். ஹோகனுக்கு இப்படிச் சேர்ந்தது சுமார் 2.8 கோடி டாலர். இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2014-ல் ஹோகனுக்கு ஐந்து மாதமும் டன்னிங்குக்குப் பதினைந்து மாதமும் சிறை. ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பாதீர்கள் என்று சொல்லிக்கொடுக்கும் ஸ்கெப்டாய்டு என்ற ஒலிபரப்பை நடத்திவந்தவர் இதே டன்னிங் என்பதை அடிக்குறிப்பில் தள்ள மனம் வரவில்லை.

இரண்டாவது வழக்கு இன்னும் நுணுக்கமானது. ஹனி என்பது பிரவுசரில் பொருத்திக்கொள்ளும் கூப்பன் தேடி. 2020-ல் பேபால் இதைச் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கியது. இதைப் புகழ்ந்து விளம்பரம் செய்தவர்களில் பெரும்புள்ளி யூடியூபர்கள் பலர் உண்டு. தங்கள் விமர்சனத்தின் கீழே 'லிங்க் டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு' என்று கமிஷன் லிங்க் கொடுப்பவர்களும் அவர்களே. பணம் கட்டும் பக்கத்தில் ஹனி எட்டிப் பார்த்து, கூப்பன் கிடைத்ததோ இல்லையோ, தன் பெட்டியைத் தட்டவைத்து, யூடியூபரின் குக்கீ இருந்த இடத்தில் தன் குக்கீயை வைத்துவிடுகிறது என்று 2024 டிசம்பரில் மெகாலேக் என்ற யூடியூப் சேனல் குற்றம் சாட்டியது. தன் பங்கைப் பறிப்பவனுக்குத் தானே தண்டோரா போட்டிருக்கிறோம் என்று பலருக்கு அன்றுதான் தெரிந்தது. வழக்குகள் தொடர்ந்தன. கடைக்கிளிக் என்பது தொழிலில் உள்ள நடைமுறை, அதன்படியே நடக்கிறோம் என்பது பேபாலின் விடை. இலக்கணப்படி அந்த விடையில் பிழை காண்பது கடினம், அதுதான் சங்கடம். பயனருக்கு நன்மை ஏதும் தராமல் கமிஷன் லிங்க்கைச் செருகக் கூடாது என்று 2025 மார்ச்சில் கூகுள் குரோம் விதி வகுத்தது.

இனி, தளத்துக்கு ஆள் வரும் வழிகள். டிராஃபிக் எனப்படும் இதை ஐந்திணைக்குள் அடக்கும் ஆசை எவருக்கும் வரும். தேடல், சமூக ஊடகம், மின்னஞ்சல், பிற தளப் பரிந்துரை, நேர்வருகை என்று ஐந்தும் பொருந்தவே செய்கின்றன. காசு கொடுத்து அழைத்தும் வராதவரைக் குறித்த விளம்பரச் செலவைக் கைக்கிளையிலும், மனிதரே இல்லாமல் வந்துபோகும் ரோபோக்களைப் பெருந்திணையிலும் வைக்கலாம். இவற்றுள் ஆராயத்தக்கது நேர்வருகை. முகவரியைத் தாமே தட்டச்சு செய்து வந்தவர் என்பது இதன் பெயர்ப்பொருள். உண்மையில், எங்கிருந்து வந்தார் என்று தெரியாதவர் எல்லோரையும் போடும் பரண் அது. வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கைத் தட்டி நுழைகிறவர் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் விழுகிறார். இந்த மறைவான போக்குவரத்தை 2012-ல் 'இருண்ட சமூகம்' என்று பொருள்படப் பெயரிட்டவர் அமெரிக்கப் பத்திரிகையாளர் அலெக்சிஸ் மாட்ரிகல். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே பெரியப்பா அனுப்பும் லிங்க் எத்தனை தளங்களை வாழவைக்கிறது என்பதற்கு எந்தக் கணக்கேட்டிலும் பதிவில்லை.

பெரியப்பாக்களை நேராகவே பயன்படுத்தலாமே என்று புதிதாகத் தரகுக் கணக்குத் தொடங்குபவர் நினைப்பது இயல்பு. அமேசான் அதையும் யோசித்து வைத்திருக்கிறது. 180 நாளில் மூன்று விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கு மூடப்படும். அந்த மூன்றையும் தன் லிங்க் வழியே தனக்காகவோ உற்றார் உறவினருக்காகவோ தானே வாங்கி நிரப்பவும் கூடாது.

உண்மையாகவே உழைத்து அனுப்பியவர்களும் உண்டு. வயர்கட்டர் என்ற அமெரிக்கத் தளம் 2011-ல் தொடங்கி, பொருள்களைச் சோதித்துப் பார்த்துப் பரிந்துரைத்தே வளர்ந்தது. 2016-ல் நியூயார்க் டைம்ஸ் அதை மூன்று கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. ஆனால் கமிஷன் வீதத்தை நிர்ணயிப்பவர் கடைக்காரர். 2020 ஏப்ரலில், ஊரடங்கில் உலகமே கைபேசியில் கடை பார்த்துக்கொண்டிருந்த மாதத்தில், அமேசான் அமெரிக்காவில் மரச்சாமான் கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3 ஆக்கியது. மளிகை 5-லிருந்து 1 ஆனது.

யார் அனுப்பியது என்பதில் இத்தனை பள்ளிகளும் பூசலிட்டுக்கொண்டிருக்க, தயக்கமே இல்லாத தரப்பு ஒன்று இருக்கிறது. அது இந்திய வருமான வரித் துறை. கமிஷன் என்ற தலைப்பில் பிடிக்கும் டி.டி.எஸ். 2024 அக்டோபர் முதல் 5 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைந்தது. துறைக்கு முதற்கிளிக், கடைக்கிளிக் பேதம் கிடையாது. கேட்பது பான் எண் மட்டும். கொடுக்காதவருக்கு 20 சதவீதம்.