கேக்குக்கு முன்னால் கிடா வெட்டினோம்

தமிழனுக்குப் பிறந்தநாள் கொண்டாடவே தெரியாது, வெள்ளைக்காரன் வந்துதான் கேக்கைக் காட்டினான் என்று ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். அரசன் பிறந்தநாளுக்குத் தொல்காப்பியமே பெருமங்கலம் என்று பெயர் வைத்திருக்கிறது. அன்றைக்கு ராஜா சிறைக் கதவைத் திறந்துவிடுவார், வரியைத் தள்ளுபடி செய்வார், கேட்டவர்க்குக் கேட்டதைக் கொடுப்பார் என்று உரையெழுதிய நச்சினார்க்கினியர் ஒரு பட்டியலே போடுகிறார். ஆக, ரிட்டர்ன் கிஃப்ட் நம்முடைய கண்டுபிடிப்பு. அது இன்று ஒரு பென்சில் டப்பாவாகச் சுருங்கிப்போனது வேறு விஷயம். ராஜராஜனுக்கு ஐப்பசி சதயத்தில் தஞ்சாவூரில் இன்னமும் விழா எடுக்கிறார்கள். ஆயிரம் வருடம் தாண்டியும் பார்ட்டி ஓடுகிறது.

சிக்கல் குடிமக்களுக்குத்தான். கொண்டாடுவது இருக்கட்டும், என்றைக்குப் பிறந்தோம் என்பதே பலருக்குத் தெரியாது. கேட்டால் அப்பத்தா, "தனுஷ்கோடிப் புயலுக்கு நாலு மாசம் முந்தி, நம்ம செவலைப் பசு கன்னு போட்ட மறுநாள்" என்பார். பசு கன்று போட்ட தேதி துல்லியமாக ஞாபகம் இருக்கும். அன்றிலிருந்துதானே பால் கணக்கு. பிள்ளை அதில் ஓர் அடிக்குறிப்பு.

பார்ட்டி இல்லாமல் இல்லை. குலதெய்வம் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் நடந்தன. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்து நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, ஒருவர் தலையைச் சிரைக்க, இன்னொருவர் காதில் ஓட்டை போடுவார். பிள்ளை ஊரைக் கூட்டும். அது கத்தினால்தான் சாமிக்குக் கேட்கும் என்று யாராவது ஒரு பெரியவர் சமாதானம் சொல்வார். பிறகு கிடா வெட்டு, கறிச்சோறு, மொய் நோட்டு. மாமன் சீர் போதவில்லை என்று சித்தப்பாக்கள் வேட்டியை மடித்துக் கட்டும் நேரத்தில், விழா நாயகன் தலையில் சந்தனத்தோடு மரத்தடியில் தூங்கிக்கொண்டிருப்பான். அவனுக்குக் கிடைத்த கிஃப்ட் இரண்டு ஓட்டைகள். நட்சத்திரம் பார்த்து ஆயுஷ் ஹோமம் செய்த வீடுகளிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. அங்கே புகையால் அழுதான்.

பிறப்பைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று நாடு முழுவதற்கும் 1969-இல் சட்டம் வந்தது. வந்தது டெல்லியில்தான். அது ஊருக்கு வந்து சேரும்வரை ஹெட்மாஸ்டர்தான் பிரம்மா. "கையைத் தலைக்கு மேல சுத்தி அந்தப் பக்கக் காதைத் தொடு" என்பார். விரல் காதில் பட்டால் ஐந்து வயது பூர்த்தி. ஜூனில் ஐந்து முடிந்திருக்க வேண்டுமே, அதனால் கூசாமல் ஒரு மே மாதத் தேதியைப் போட்டு விடுவார். அவர் பேனாவால் பிறந்த பிள்ளைகள் அந்தக் காலத்தில் ஏராளம். விளைவு என்ன? கை நீளமாக இருந்த பாவத்துக்கு நாலு வயதில் பள்ளிக்குப் போனவர், அரசு வேலையில் 58 முடியும்போது ஒரு வருடச் சம்பளத்தை இழந்தார். கை குட்டையானவர் ஏழு வயதில் சேர்ந்து, ஐந்து என்று எழுதப்பட்டு, இரண்டு வருடம் கூடுதலாக நாற்காலியைத் தேய்த்தார். மே 31 வந்தால் அலுவலகம் அலுவலகமாக மாலையும் கையுமாக வழியனுப்பு விழா நடந்ததற்கு ஜோசியக் காரணம் ஒன்றும் கிடையாது. ஹெட்மாஸ்டர் போட்ட அதே தேதிக்குத்தான் இன்று ஃபேஸ்புக்கில் தாத்தாக்களுக்கு வாழ்த்து குவிகிறது. எல்லாவற்றுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறார்கள்.

அடுத்தது கலர் டிரஸ் யுகம். முழு வகுப்பும் யூனிஃபார்மில் இருக்க, ஒருவன் மட்டும் மொடமொடவென்ற சட்டையில், விலைச் சீட்டைப் பிய்க்க மறந்து நுழைவான். கையில் நியூட்ரின் ஆசை பாக்கெட். வசதியான வீடு என்றால் பாரீஸ் காபி பைட். பிள்ளைக்கு ஒன்று, டீச்சருக்கு இரண்டு, ஹெட்மாஸ்டர் அள்ளியது அவருக்கு. ஆனால் சாக்லேட் இதில் சின்ன சமாசாரம். மற்ற வகுப்புகளுக்குக் கூடவே போக ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் இருக்கிறதே, அதுதான் பதவி. கணக்குப் பீரியடை முழுசாக ஏப்பம் விடலாம் என்பதால் ஒரு வாரம் முன்பே லாபி தொடங்கிவிடும். ஹோம்வொர்க் எழுதிக் கொடுப்பார்கள், மாங்காய் பத்தை வாங்கித் தருவார்கள். அறிவிப்பு வந்ததும் தோற்றவர்கள் கூடி 'அவன் கூட டூ' என்று தீர்மானம் போடுவார்கள். உண்மையிலேயே மே மாதத்தில் பிறந்தவர்களுக்கு மட்டும் இந்த ஜனநாயகம் கடைசிவரை கிடைக்கவில்லை.

எண்பதுகளில் கேக் வீட்டுக்குள் வந்தது. ரோஜாப்பூ வைத்த வெண்ணெய் கேக், மேலே பல்லைப் பதம் பார்க்கும் வெள்ளி மணிகள். "விளக்கை ஊதி அணைக்கிற வீட்டுல லட்சுமி எப்படிடா தங்குவா?" என்று பாட்டி மறியல் செய்தார். முதலில் குத்துவிளக்கு ஏற்றுவது, மெழுகுவத்தியைப் பூஜையறைக்கு முதுகு காட்டி ஊதுவது என்று ஒப்பந்தம் ஆனது. பேப்பர் தட்டில் கேக், மிக்சர், இரண்டு வேஃபர், பக்கத்தில் ரஸ்னா. கேக்கை வாயருகே வைத்துக்கொண்டு ஃபோட்டோகிராஃபருக்காகப் பிள்ளை திறந்த வாயோடு நிற்க வேண்டும். ஃப்ளாஷ் சார்ஜ் ஏறுவதற்குள் ஈ உட்கார்ந்துவிடும்.

பாட்டு ஒன்று பாடினோமே, அது அமெரிக்காவின் கென்டக்கியைச் சேர்ந்த ஹில் சகோதரிகள் 1893-இல் பள்ளிப் பிள்ளைகளின் காலை வணக்கத்துக்காக வெளியிட்ட மெட்டு. உரிமை எங்களுடையது என்று வார்னர் சாப்பல் நிறுவனம் வருடக்கணக்காகக் காசு வசூலித்தது. 2015-இல் கோர்ட் அது செல்லாது என்றது. நம்மிடம் யாரும் வசூலுக்கு வரவில்லை. வந்தாலும் நாம் பாடியது அதே மெட்டுத்தான் என்று எந்தக் கோர்ட்டிலும் நிரூபித்திருக்க முடியாது. மாமா ஒரு சுருதி, அத்தை ஒரு சுருதி. மூன்றாம் வரியில் பாதிப் பேர் 'ராஜூ' என்று முடித்து உட்கார்ந்த பிறகும், பள்ளிக்கூடத்துக் கோஷ்டி 'ராஜேந்திர பிரசாத்'தை மெட்டுக்குள் திணித்துக்கொண்டிருக்கும்.

இப்போது பிறந்தநாளுக்குக் காத்திருக்கும் பொறுமை யாருக்கும் இல்லை. மாதாமாதம் கேக், ஆறாம் மாதம் பாதி கேக். ஒரு வயது நிரம்பியதும் கூலிங் கிளாஸ் போட்ட குழந்தை ஃப்ளெக்ஸில் ஏறுகிறது. அதற்குக் கீழே மாமாக்கள் வட்ட வட்டமாக, தேர்தலில் நிற்கிற தோரணையில். சட்டையில் க்ரீம் பட்டதற்கு முதுகில் வாங்கிய தலைமுறை, இன்று பிள்ளையைக் கேக்குக்குள்ளேயே உட்கார வைத்துக் காசு கொடுத்து ஃபோட்டோ எடுக்கிறது. ஏசி ஹால், பலூன் வளைவு, காட்டு விலங்கு தீம். தொகுப்பாளர் மைக்கில் "அந்தப் பக்கம் சவுண்டே வரல!" என்கிறார். மியூசிக்கல் சேரில் அப்பாக்கள் நாற்காலிக்கு அடித்துக்கொள்கிறார்கள். பார்ட்டி பாப்பர் 'டப்'பென்று வெடிக்க, பிள்ளை வீறிடுகிறது. சாமிக்குக் கேட்கும் என்று சொல்ல இப்போது ஆள் இல்லை. டிஜே சத்தத்தைக் கூட்டுகிறார்.

இத்தனையும் நடப்பது ஞாயிற்றுக்கிழமை. பிறந்தநாள் என்னவோ புதன்கிழமைதான், ஹால் கிடைக்கவில்லை. புதனுக்கு ஸ்கூலில் தனியாக ஒன்று உண்டு. சாக்லேட் கூடாது, சத்தானதாக ஏதாவது அனுப்புங்கள் என்று சர்குலர் வந்திருக்கிறது. பாட்டி கடலை மிட்டாய் வாங்கி வைத்துவிட்டார். கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தை யாராவது வகுப்பில் உண்டா என்று அம்மா வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டிருக்கிறார். இதுவரை பதினோரு பேர் 'ஹேப்பி பர்த்டே' போட்டிருக்கிறார்கள். கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.