மாமனாரும் எக்ஸ்மூரும்

தேசியப் பூங்கா என்றால் ஒரு கேட், ஒரு டிக்கெட் கவுன்ட்டர், 'புலி தென்படலாம் சார்' என்று ஆசை காட்ட ஒரு ஜீப் டிரைவர். முதுமலை பார்த்த என் மாமனாரின் இலக்கணம் இது. இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோரத்தில் உள்ள எக்ஸ்மூரில் மூன்றும் கிடையாது. 1954-ல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். ஊர், வயல், சர்ச், மதுக்கடை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. நிலத்தில் பெரும்பகுதி தனியாருடையது.

"மாப்பிள்ளை, பார்க் எப்ப வரும்?"

"உள்ளதான் மாமா போயிட்டிருக்கோம்."

வெளியே பார்த்தார். கண்ணுக்கு எட்டியவரை ஹெதர் புதர், ஊதாப் பூ, காற்று. "ஒரு மரத்தைக் காணோமே!" நூற்றாண்டுக் கணக்கில் ஆடு மேய்த்தும் புதரைக் கொளுத்தியும் பாடுபட்டு உண்டாக்கிய பொட்டல் என்றேன். "இதுக்கு எங்க ஊர்ல யாரும் பாடுபடவே வேண்டாம்" என்றார்.

நடுரோட்டில் எக்ஸ்மூர் குதிரைகள். குட்டை உருவம், கண்ணைச் சுற்றிச் சந்தனம் பூசியது போல் வெளிறிய வளையம். ஹாரனுக்கு அசையவில்லை. மாமா ஆவலாகக் கேமராவை எடுத்தார். காடு மேட்டில் திரிந்தாலும் ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு என்றேன். கேமரா பைக்குள் போய்விட்டது.

போர்லாக் மலையில் நான்கடி போனால் ஓரடி ஏற வேண்டும். மாமா முருகனைக் கூப்பிட ஆரம்பித்தார். பேச்சை மாற்ற, 1899 ஜனவரிக் கதையைச் சொன்னேன். ஒரு கப்பல் புயலில் தத்தளித்தது. லின்மத் என்ற கடலோர ஊரில் மீட்புப் படகைக் கடலில் இறக்க முடியவில்லை. ஊர்க்காரர்களும் குதிரைகளுமாக அதை இரவு முழுக்க 13 மைல் மலைமேல் இழுத்து, இதே இறக்கத்தில் இறக்கி, வழியை அடைத்த சுவரை இடித்து, போர்லாக் கரையில் கடலில் விட்டார்கள். கப்பலில் இருந்த அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

"படகை மலைமேலயா?" முருகன் மறந்துபோனார். "சுவரை இடிக்க யார்கிட்ட பர்மிஷன் வாங்கினாங்க?" அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர், கேட்கத்தானே செய்வார்.

அவரைக் கவிழ்த்தது லின்மத் மலை ரயில்தான். 1890-ல் திறந்தது, மோட்டாரே இல்லை. கேபிளால் இணைந்த இரண்டு பெட்டிகள். மேலே நிற்பதன் தொட்டியில் ஆற்றுத் தண்ணீரை நிரப்புகிறார்கள்; கீழே நிற்பது தன் தண்ணீரைக் கொட்டிவிடுகிறது. கனத்தது இறங்க, இலேசானது ஏறுகிறது. மின்வாரியத்தில் முப்பது வருடம் இருந்தவர் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "கரண்ட் பில்லே கிடையாதா?" இறங்கியதும் மறுபடி ஏறினார்.

எக்ஸ்மூர் போகிறவர்கள் முதலில் பிரேக்கைச் சரிபாருங்கள். மாமனாரோடு போகிறவர்கள் லின்மத்தில் தொடங்குங்கள். பொட்டலைப் பிறகு காட்டிக்கொள்ளலாம்.