கட்டத்துக்கு வெளியே இருந்தவர்கள்

குறுக்கெழுத்துக்கு அடுத்தவரிடம் உதவி கேட்பதைச் சிலர் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள். 80களின் தொடக்கத்தில், பழவேற்காட்டு ஏரிப் பக்கம் காட்டுப்பள்ளி என்ற மீனவக் குப்பத்தில் வளர்ந்த எங்களுக்கு அந்த நினைப்பே கிடையாது. ஊருக்கு வருவது ஒரு நாளிதழ், அதில் இருப்பது ஒரு கட்டம். டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் அது பொது. மீஞ்சூர் பக்கம் போய் வருகிறவர் கையோடுதான் பேப்பர் வரும். வந்து சேர உச்சிப்பொழுதாகிவிடும். அதற்குள் விடியலில் கடலுக்குப் போனவர்கள் கரையேறி, வலையை உதறிக் காயப்போட்டுவிட்டு வந்திருப்பார்கள். பள்ளிக்கூடம் போகிற பையன் எவனாவது குறிப்பை உரக்கப் படிப்பான். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் மட்டுமல்ல. நம்முடைய தமிழ்ப் புதிர்களில் வலமிருந்து இடமும் கீழிருந்து மேலும் உண்டு. நாலு திசையிலும் ஆள் வேண்டியிருந்தது.

ஒரு நாள் வந்த குறிப்பு, ‘ஏரி நீர் கடலில் கலக்கும் இடம்’. ஏழு கட்டம். கழிமுகம் என்று போட்டால் ஐந்தோடு நின்றுவிடும். கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டோம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விடையை அவர் நேராகச் சொல்லவில்லை. “இன்னாடா, பழவேற்காட்டுல மண்ணு மூடிக்கினா, மம்முட்டி எடுத்துக்கினு ஜனம் எங்கடா போயி நிக்கும்?” என்று எங்களையே கேட்டார். முகத்துவாரம்! எண்ணிப் பார்த்தால் ஏழு எழுத்தும் கச்சிதமாக உட்கார்ந்தன.

அவர் சொன்னதில் அகராதி தராத விஷயம் இருந்தது. முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைபட்டால் கடல்நீர் ஏரிக்குள் ஏறாது. இறால் குஞ்சும் மீன் குஞ்சும் உள்ளே வந்து வளர வழியிருக்காது. ஏரியிலிருந்து கடலுக்குப் படகு இறங்க முடியாது. ஏரியையே நம்பியிருக்கும் அத்தனை குப்பத்துக்கும் அன்றைக்கு அடுப்பெரிவது சந்தேகம். அந்தக் கவலையைச் சுமந்துதான் அந்தச் சொல் எங்களிடம் வந்தது. பையன் பேனாவால் எழுதி முடித்ததும் பெரியவர் எழுந்து வந்து, தன் வாயிலிருந்து வந்தது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னார்.

பள்ளிக்கூடத்துத் தமிழ் ஐயாவின் உதவி வேறு வகை. அவர் இலக்கணத்தைத்தான் கொடுப்பார். ஆங்கிலத்தில் ஒரு கட்டத்துக்கு 26 எழுத்து, தமிழில் 247. கேட்கவே மலைப்பாக இருக்கும். ஆனால் தமிழ்ச் சொல்லில் எந்த எழுத்துக்குப் பின் எது வரலாம் என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. க், ச், த், ப் நான்குக்கும் பின்னால் அதே வரிசைதான் வரும். குறுக்கே வந்த சொல் மூன்றாம் கட்டத்தில் ‘த்’ என்று நின்றால், நான்காம் கட்டத்துக்கு த, தா, தி, து என்று ஒரு வரிசையைப் பார்த்தால் போதும். மற்றதை நீயே கண்டுபிடி என்று அவர் போய்விடுவார்.

இருவருமே பாதி வழி கூட வந்து, மீதியை எங்களுக்கு விட்டார்கள். நல்ல உதவி என்று நான் இன்றுவரை சொல்வது இதைத்தான்.

எல்லாக் காலத்திலும் குறுக்கெழுத்து இப்படித் திறந்த வாசலாக இருந்துவிடவில்லை. எஸ். எஸ். வாசன் 1928-இல் வாங்கிய ஆனந்த விகடன் குறுக்கெழுத்துப் போட்டி நடத்தி வாசகர்களைத் திரட்டியது. பரிசு பெரிதாகப் பெரிதாக, விடை தெரிந்தவன் அதைப் பொத்தி வைத்துக்கொள்வதும் இயல்புதானே. நாடெங்கும் இத்தகைய போட்டிகள் பெருகியதால், ஒரு மாதத்துக்கு மொத்தப் பரிசு 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று 1955-இல் மத்திய அரசு சட்டமே கொண்டுவந்தது. எங்கள் டீக்கடையில் பரிசு இல்லை. அதனால் ஒளிப்பதற்கும் ஒன்றுமில்லை.

ஆங்கிலத்தில் ‘தி இந்து’வின் புதிர் எங்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. 1971 முதல் 1983-இல் மறையும் வரை அதை அமைத்தவர், இந்தியக் கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியரான அட்மிரல் ராம் தாஸ் கட்டாரி என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். செங்கல்பட்டில் பிறந்தவர். கடலில் வாழ்ந்த ஒருவர் ஓய்வுக்காலத்தில் சொற்களைக் கோத்துக்கொண்டிருந்தார் என்பதை நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அந்தக் காலத்தை முழுதும் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். டீக்கடை ஆண்களின் இடம். என் தங்கை என்னைவிடக் கெட்டிக்காரி. ஆனால் பேப்பர் வீட்டுக்கு வரும்போது எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் பறியை வாயில் கவ்விக்கொண்டு கையால் இறால் தடவும் பெண்களிடம் நாங்கள் எதையும் கேட்டதில்லை. பாதி ஊரின் அறிவு எங்கள் கட்டத்துக்குள் வரவே இல்லை.

இன்று காட்டுப்பள்ளி வேறு ஊர். 2010-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. கப்பல் கட்டும் தளம் வந்தது, 2013-இல் துறைமுகம் வந்தது. குப்பத்து ஜனங்கள் வேறிடத்துக்குக் குடிபோனார்கள். புதிர் இப்போது கைபேசியில். ‘ஓர் எழுத்தைக் காட்டு’, ‘முழு விடையைக் காட்டு’ என்று பொத்தானே இருக்கிறது. தொட்டால் விடை வந்து நிற்கும். யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை.

இதில் என் தங்கைக்குக் கிடைத்தது பெரிது. அடுப்படியிலேயே உட்கார்ந்து தினமும் ஒரு புதிரை முடிக்கிறாள். இப்போது அவளே குறிப்பு எழுதி வாட்ஸ்அப்பில் குடும்பத்துக்கு அனுப்புகிறாள். சமீபத்தில் வந்தது: ‘கரை தொடங்குமிடத்தில் வலை விரித்தால் துயரம் (3)’. என் மகள் உடனே கூப்பிட்டாள். “அத்தே, விடைய சொல்லிடாதீங்க, ஒரு துப்பு மட்டும்.” “கரைன்னு எழுதறப்ப கை மொதல்ல எந்த எழுத்தப் போடுது?” என்றாள் தங்கை. க, அதோடு வலை. கவலை! மறுமுனையில் மகள் கத்தியது எனக்கும் கேட்டது.

பொத்தான் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைத் தொடும் முன் ஓர் ஆளைக் கேளுங்கள் என்கிறேன். புதிர் அமைப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊர்ப்பெயரும் சினிமாவும் போதும். பறி, பாடு, கொண்டல், வாடை, மடவை எல்லாம் உங்கள் கட்டத்தில் வரட்டும். முறை வைத்து ஏரியில் வலையிறக்கும் உரிமைதான் பாடு என்பதைக் கைபேசியைவிட விளக்கமாகச் சொல்லப் பழவேற்காட்டுக் கரையில் இன்னும் ஆள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேட்க ஒரு குழந்தைக்குக் காரணம் கிடைத்தால், அந்தப் புதிர் தன் வேலையைச் செய்துவிட்டது.