மாங்கோவுக்குள் மாமியாரும் மருமகளும்

கே: செயற்கைக்கோள் சுற்றுவது ஆளில்லாத வெளியில். அங்கே எரிபொருள் நஞ்சானால் என்ன, நெய்யானால் என்ன?

ப: மேலே யாருக்கும் ஒன்றுமில்லைதான். ஆனால் டேங்கை நிரப்புவது கீழே. நிரப்புகிறவருக்கு நுரையீரல் உண்டு. வழக்கமான எரிபொருளான ஹைட்ரசீன் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்பதால், அதைக் கையாளுகிறவர்கள் உச்சி முதல் உள்ளங்கால் வரை மூடிய உடைக்குள் புகுந்து, தனிக் காற்றைச் சுவாசித்தபடி வேலை பார்க்கிறார்கள். 2010இல் ஸ்வீடனின் பிரிஸ்மா திட்டத்தில் பறந்த மாங்கோ (ஆமாம், அதுதான் பெயர்!) செயற்கைக்கோளில் ஹைட்ரசீனும், அம்மோனியம் டைநைட்ரமைடு கலந்த புதிய திரவமும் ஒன்றாகவே போயின, மாமியாரும் மருமகளும் ஒரே சமையலறையில். புதியதை நிரப்ப அந்த வேஷம் தேவைப்படவில்லை. அதற்காகக் குடித்துப் பார்க்க வேண்டாம். நஞ்சு குறைவுதான், இல்லாமல் இல்லை. ‘அப்படியானால் வலுவும் குறையுமே’ என்பீர்கள். நேர்மாறு: அடர்த்தியும் திறனும் அதிகம் என்பதால் அதே அளவு டேங்கில் சுமார் 30 சதவீதம் கூடுதல் உந்துதல். நியாயமான குறை வேறு. ஹைட்ரசீனுக்கு வினையூக்கி லேசாகச் சூடேறினாலே போதும். இதற்கு 300 டிகிரிக்கு மேல் காய வேண்டும். தோசைக்கல் காயுமுன் மாவு ஊற்றினால் என்னாகும்? அந்தச் சூட்டுக்குச் சின்னச் செயற்கைக்கோளின் மின்சாரம் கரைகிறது. எரியும்போது வெப்பம் 1,600 டிகிரியைத் தொடுவதால், இரிடியம், ரீனியம் என்று விலை கூடிய உலோகங்களைத் தேட வேண்டியிருக்கிறது. மாமியார் இன்னும் சாவிக்கொத்தைக் கொடுக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.