சொல் தட்டாத சர்வருக்கு ஒரு வாழ்த்து மடல்

பெருமதிப்பிற்குரிய ஐயா,

பைகிராப்ட்ஸ் சாலையிலிருந்து திரும்பும் சந்தில், பழைய மேன்ஷன் ஒன்றின் இரண்டாம் மாடியில் இருக்கும் உங்கள் ஆடிட்டர் ஆபீசுக்குச் சொந்தமாக ஒரு ஏஐ சாட் நிறுவிய தங்கள் தீர்க்கதரிசனத்தைத் திருவல்லிக்கேணி மெச்சுகிறது. கிளையண்ட்களின் கணக்குவழக்கை அமெரிக்கக் கம்பெனிக்காரன் பார்க்கக் கூடாது என்று ரிச்சி தெருவில் கிராபிக்ஸ் கார்டு வாங்கி, ஏஐ மாடல்களைச் சொந்த மெஷினிலேயே ஓட்டும் ஒல்லாமாவை இறக்கி, அதன்மேல் ஓபன் சோர்ஸ் சாட் மென்பொருள் ஒன்றையும் ஏற்றினீர்கள். "டேட்டா நம்ம ரூமைத் தாண்டாது சார்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சத்தியம் செய்தீர்கள். அமெரிக்காக்காரனுக்கு இன்றுவரை ஒன்றும் போகவில்லை. மற்றவர்களுக்கு நீங்கள் தடை சொன்னதும் இல்லை.

அந்தச் சாட்டில் ஓர் அருமையான வசதி இருக்கிறது. ஒரு வலைமுகவரியைக் கொடுத்தால் சர்வரே போய் அந்தப் பக்கத்தை எடுத்துவந்து, படித்து, சுருக்கிச் சொல்லும். ஜிஎஸ்டி சுற்றறிக்கையைக் கொடுத்தாலும் போகும். உள்ளே இருக்கும் ரவுட்டரின் 192.168.1.1 முகவரியைக் கொடுத்தாலும் அதே பணிவோடு போகும். உங்கள் ஃபைல் சர்வர், பிரிண்டர், கடவுச்சொல் கேட்டுப் பழக்கமில்லாத ஒல்லாமாவின் 11434ஆம் போர்ட் என்று எதற்கும் பேதம் பாராட்டாது. வெளியாள் நேரே வந்தால் ஃபயர்வால் மறிக்கும். ஆனால் கேட்பது சொந்த வீட்டு சர்வர் அல்லவா, உள்ளே யார் மறுப்பார்கள்? எஸ்எஸ்ஆர்எஃப் எனப்படும் இதை, 2021இல் ஓவாஸ்ப் என்ற மென்பொருள் பாதுகாப்பு அமைப்பு தன் முதல் பத்து அபாயங்களில் சேர்த்தது. வள்ளல்தன்மையை அபாயம் என்று எழுதும் காலம் இது.

பார்த்தசாரதி பெருமாளின் ஊரில் இருக்கிறீர்கள். அவர் பாண்டவருக்காகத் தூது போனார், தேரும் ஓட்டினார், பீஷ்மரின் அம்புகள் பட்ட தழும்பை உற்சவர் திருமுகத்தில் இன்றும் சேவிக்கிறோம். ஆனாலும் ஒரு குறை: பாண்டவருக்கு மட்டும்தான் போனார். உங்கள் சர்வர் யார் அனுப்பினாலும் தூது போகிறது. தழும்பை மட்டும் கிளையண்ட்களுக்கு விட்டுவிடுகிறது.

நீங்கள் பாதுகாப்பே செய்யவில்லை என்று அவதூறு பேசுகிறார்கள். சர்வர் தன்னையே குறிக்கும் 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற சொல்லையும் 127.0.0.1 என்ற எண்ணையும் தடைப்பட்டியலில் நீங்களே கைப்பட எழுதியதை நாங்கள் அறிவோம். அதே முகவரி 2130706433 என்று வேறு கோலத்தில் வந்தால் வேறு ஆள் என்று நம்பி வழிவிடுவது குழந்தை மனம். முதல் முகவரியைச் சோதித்துவிட்டு, அது 'அங்கே போ' என்று திருப்பிவிடும் இரண்டாவது முகவரியைச் சோதிக்காமல் விடுவதோ சான்றோர் இயல்பு. ஒருவரை இரண்டு முறை சந்தேகிப்பது பண்பல்லவே. சோதிக்கும்போது நல்ல ஐபி எண்ணையும், போகும்போது உள்வீட்டு எண்ணையும் காட்டும் டிஎன்எஸ் தந்திரத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிராதது உங்கள் சகவாசம் நல்லது என்பதற்குச் சான்று.

கெட்ட சகவாசம் உள்ள சிலர் வேறு மாதிரி செய்கிறார்கள். வலைமுகவரியின் பெயரை ஒரே முறை ஐபி எண்ணாக மாற்றி, அது உள்வலை எண்ணா என்று பார்த்து, சோதித்த அதே எண்ணுக்குத்தான் இணைக்கிறார்கள். ஒவ்வொரு திருப்பலிலும் மறுபடி சோதிக்கிறார்கள். சாட் மென்பொருளைத் தனி நெட்வொர்க்கில் ஒதுக்கி, உள்வலைக்கு ஒரு பாக்கெட்கூடப் போகாமல் அடைக்கிறார்கள். சாட்டில் கணக்குத் தொடங்குவதையும் ஆபீஸ் ஆட்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நீங்கள் அப்படியல்ல; ஊரில் எவரும் கணக்குத் தொடங்கலாம். கணக்குக்கூட வேண்டாம்: கிளையண்ட் அனுப்பும் பிடிஎஃப்பில் வெள்ளைத்தாளில் வெள்ளை எழுத்தாக 'இந்த முகவரியைத் திறந்து பார்' என்று இருந்தால், ஏஐ அதையும் உங்கள் உத்தரவு என்றே எடுத்துக்கொள்ளக்கூடும்.

அடுத்த மாதம் எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றுகிறீர்களாமே! அங்கே 169.254.169.254 என்றொரு முகவரி உண்டு. உள்ளிருந்து கேட்டால், அந்த மெஷினுக்குரிய தற்காலிகச் சாவிகளைக் கொடுக்கும். 2019இல் அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கியில் இதுதான் நடந்தது. காவலுக்கு வைத்த ஃபயர்வாலே தவறான அமைப்பினால் தூது போய்ச் சாவியை வாங்கிவந்தது. அமெரிக்கர் சுமார் 10 கோடி, கனடாக்காரர் சுமார் 60 லட்சம் பேரின் விவரங்கள் கைமாறின. 2020இல் வங்கிக்கு 8 கோடி டாலர் அபராதம். வங்கியின் கிளவுடை நடத்திய அமேசான், சம்பவம் நடந்த 2019இன் நவம்பரிலேயே, முதலில் ஒரு டோக்கன் வாங்கினால்தான் சாவி என்று அந்தச் சேவையின் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது. அதைக் கட்டாயமாக்க ஓர் அமைப்பை மாற்றினால் போதும். தாங்கள் பழைய முறையையே பேணுவீர்கள் என்ற நம்பிக்கை எங்களுக்கு உண்டு. மரபை மறக்காத பேட்டை இது.

சட்டம் உங்கள் அருமை அறியாதது. உரிய பாதுகாப்பு வைக்காமல் தனிநபர் தகவல் கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்கிறது கணினிப் பாதுகாப்புக்கான அரசின் செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் உத்தரவு. 'தெரிந்த' என்ற சொல்லைக் கவனியுங்கள். சர்வர் எங்கெங்கே போய்வந்தது என்று லாக் எதுவும் எழுதிவைக்காத உங்களுக்கு எதுவும் தெரியவராது. உங்கள் முன்யோசனைக்கு ஈடில்லை.

பாராட்டு விழாவைப் பெரிய தெருவில் நடத்த உத்தேசம். தங்கள் கிளையண்ட்கள் அத்தனை பேருக்கும் அழைப்பிதழ் போய்விட்டது. முகவரிகளை உங்களிடம் கேட்க வேண்டிய அவசியம் எங்களுக்கு வரவில்லை.